தொட்டால் நகரும் முள்

சின்னு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தின் கண்ணாடி மூடியைத் திறந்தாள். மேலே பன்னிரண்டின் இடத்தில் இருந்த இரட்டைப் புள்ளியில் ஆள்காட்டி விரலை வைத்து, விளிம்போடு வலப்பக்கமாக இறக்கினாள். நீள முள் தட்டுப்பட்டது. உள்ளே கொஞ்சம் தள்ளிக் குட்டை முள்.

"ஒண்ணு பத்து," என்றாள் சத்தமாக.

கண்ணைத் திறந்தாள். ஒன்று பத்து! தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான் குறை.

பல் செட் தயாரிக்கும் லேபில் சாப்பாட்டு இடைவேளை. மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். மேசை மேல் வரிசையாக உட்கார்ந்து காய்ந்துகொண்டிருந்த பல் செட்டுகள் மட்டும் அவளைப் பார்த்து இளித்தன. சம்பளம் தருவது அந்தப் பற்கள்தான். ஆனால் சின்னுவின் உயிர் இருப்பது பழைய சாமான் சந்தையில் குப்பையோடு குப்பையாகக் கிடக்கும் சாவி கொடுக்கும் கடிகாரங்களில். ஓடாததை ஓட வைப்பாள். ஓடுவதைக் கழற்றி வேறு மாதிரியாக்குவாள். "அது சும்மா இருந்தா உனக்கு ஆகாதே," என்பாள் அவள் அக்கா.

இப்போது அவள் கையில் இருந்தது ஒத்திகைக் கடிகாரம். இதன் ஜோடி, அச்சு அசல் இதே மாதிரியான இன்னொன்று, இந்த நிமிடம் மாமாவின் கையில் இருந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர். நேற்று முன்தினம் வரை பஸ் ஓட்டியவர் போல இன்னும் தோளை விரித்துத்தான் நடப்பார், ஆனால் நடப்பது அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் மட்டும். கண் நரம்பு மெல்ல மெல்லக் கெட்டு, ஸ்டீரிங்கை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவர் தெருவில் கால் வைக்கவில்லை. சவரம் செய்யவில்லை. யார் வந்தாலும், "மணி என்ன?" என்று கேட்பார். பதில் சொன்னால், "சரி, அதனால என்ன?" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. பஸ் நிலையத்தில் மைக் பிடிக்கும் வேலை. எந்த வண்டி, எந்த வழி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். குரலோ, அதை வைத்தே ஹாரன் இல்லாத வண்டியை ஓட்டிவிடலாம். ஒரே ஒரு சிக்கல். மணி தெரிய வேண்டும்.

பேசும் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் ஒத்திகைக்குப் போனார். அறிவிப்பின் நடுவில் அது, "நேரம் மதியம் மூன்று மணி!" என்று கொஞ்சும் பெண் குரலில் மைக்குக்குள் கூவி, நிலையமே சிரித்தது. காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். "காதை அடைச்சுட்டா வண்டி வர்றதை நான் எதால பாக்குறது?" என்று மாமா மறுத்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மணி சொல்லட்டுமா என்றால், நிலையத்தில் வண்டிகளின் நேரத்தைக் கவனிக்கும் டைம் கீப்பர் அம்மா ஒரே போடாகப் போட்டார்: "மணி சொல்ல ஒரு ஆள் போடுறதா இருந்தா, அந்த ஆளையே மைக்ல உக்கார வச்சுடுவேனே?"

மாமா வீட்டுக்கு வந்து மறுபடி அறைக்குள் போய்விட்டார்.

அப்போதுதான் சின்னு ஒரே மாதிரி இரண்டு பழைய கடிகாரங்களை எடுத்தாள். கண்ணாடியைத் தனியே கழற்றி, பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியில் கீல் செய்து, மூடி போலத் திறக்க வைத்தாள். பல் செய்யும் பசையைத் துளித் துளியாக எண்களின் இடத்தில் வைத்துப் புள்ளிகளை எழுப்பினாள். மெல்லிய முட்களை எடுத்துவிட்டுத் தடித்த முட்களை ஏற்றினாள். உள்ளே இருந்த அத்தனையையும் கழுவி, எண்ணெயிட்டு, கிரீஸ் வைத்து, போனில் உள்ள, கடிகார ஓட்டத்தை அளக்கும் ஆப்பிடம் டிக் டிக்கைக் கேட்கக் கொடுத்தாள். ஆப் முழு மதிப்பெண் போட்டது.

இன்று காலை முதல் சாயங்காலம் வரை மாமாவுக்குச் சோதனை நாள். தனியாக, மைக் முன்னால். தேறினால் வேலை. தேறாவிட்டால்? அந்த அறைக் கதவு இன்னொரு முறை திறக்கும் என்று சின்னுவுக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடி கண்ணை மூடினாள். மாமா இப்போது எப்படித் தொட்டுக்கொண்டிருப்பார்? பதற்றத்தில் நிமிடத்துக்கு ஒரு தரம் தொடுவார். அதே மாதிரி தொட்டாள். மறுபடி தொட்டாள். மூடியைச் சாத்தினாள், திறந்தாள், தொட்டாள். குழந்தை விளையாட்டுப் போல நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணு முப்பத்தஞ்சு."

கண்ணைத் திறந்தாள். கடிகாரமும் அதையே காட்டியது. தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரம் ஒன்று இருபத்தெட்டு என்றது.

'பேட்டரி போச்சு போல' என்று நினைத்தாள். தன் கைப்பட்ட கடிகாரத்தை விட்டுவிட்டுச் சுவரில் தொங்குவதைச் சந்தேகப்பட்டாள். போனை எடுத்துப் பார்த்தாள்.

ஒன்று இருபத்தெட்டு!

சின்னு மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். ஆப்பைத் திறந்து கடிகாரத்தை அதன் மேல் வைத்தாள். டிக் டிக். முழு மதிப்பெண். இயந்திரம் அச்சுப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எப்படி?

உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டு, விரல் நுனியால் நீள முள்ளை லேசாக, மிக லேசாகத் தொட்டாள்.

முள் வெண்ணெய் போல வழுக்கி நகர்ந்தது.

"அய்யோ, கேனன் பினியன்!"

நிமிட முள்ளைச் சுமக்கிற சின்னஞ்சிறு குழாய்க்கு அந்தப் பெயர். நடு அச்சைக் கவ்விப் பிடித்தபடி அதோடு சேர்ந்து சுற்றும். நேரம் வைக்கத் திருகும்போது மட்டும் வழுக்கிக் கொடுக்கும். கொஞ்சம் கிரீஸ் வைத்தால் திருகுவதற்குச் சுகமாக இருக்கும். சின்னு எல்லாக் கடிகாரத்துக்கும் பாசத்தோடு வைப்பாள். இதற்கும் வைத்தாள். கண்ணாடிக்குள் இருக்கும் முள்ளை யார் தொடப் போகிறார்கள்?

இந்தக் கடிகாரத்தைப் படிப்பதே தொட்டுத்தான் என்பது, அதைத் தொடுவதற்காகவே செய்தவளுக்கு அந்த இடத்தில் மறந்துபோயிருந்தது. விரல் பன்னிரண்டிலிருந்து வலப்பக்கமாக வந்து முள்ளை இடிக்கும். இடிக்கும் ஒவ்வொரு தடவையும் முள் முன்னால் போகும். மாமா தொடத் தொட நேரம் ஓடும்.

அவர் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து!

மாமாவுக்குப் போன் செய்ய வழியில்லை. மைக் அறைக்குள் போன் இருந்தால் ஸ்பீக்கர் கரகரக்கும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டைம் கீப்பர் அலுவலகத்தில் லைன் பிஸி. அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமாகிட்டப் பேசணும். அவசரம்."

"அவர் வேலைல இருக்காருடி." 'வேலை' என்ற சொல்லை அக்கா அழுத்திச் சொன்னதில் ஒரு மிட்டாய்க் கடையே இருந்தது. "காலைல தானா ஷேவ் பண்ணாரு, தெரியுமா? ரெண்டு இடத்துல வெட்டிக்கிட்டாரு. பரவால்ல. என்னைத் தொடவிடல."

"அக்கா, அந்த வாட்ச்..."

"அதை ஏன் கேக்குற. படுக்கும்போதுகூடக் கழட்டல. கட்டின பொண்டாட்டி கையைக்கூட அவர் இப்படிப் புடிச்சதில்ல. சாயங்காலம் வா, வாய்க்கு ருசியா ஏதாவது பண்றேன். என்ன, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லக்கா," என்று சின்னு போனை வைத்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஸ்கூட்டர் சாவியைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கும்போதே மாமாவின் குரல் கேட்டது.

"பயணிகள் கவனத்திற்கு. அணைக்கட்டு வழியாகச் செல்லும் ஒன்று ஐம்பத்தைந்து மணி விரைவு வண்டி, மூன்றாவது தடத்திலிருந்து இப்போது புறப்படுகிறது."

கம்பீரமான குரல். தயக்கமே இல்லை. அதைக் கேட்டுச் சின்னுவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன. சிக்னலில் நின்றபடி போனைப் பார்த்தாள். ஒன்று நாற்பத்தைந்து.

உள்ளே நுழைந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. மூன்றாவது தடத்திலிருந்து வண்டி கிளம்பி வளைந்துகொண்டிருந்தது. கையில் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் அதன் பின்னால் ஓடிப்பார்த்துவிட்டு, மூச்சிரைக்க நின்றார்.

"என் பொண்டாட்டி போறா! ஏய், என் பொண்டாட்டி பஸ்ல போறா!"

"ஏன் ஓடிப் போறா?" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

"ஓடிப் போகலய்யா! நான் தண்ணி வாங்க வந்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கே!"

டைம் கீப்பர் அம்மா தன் அறையிலிருந்து வெளிப்பட்டார். நெற்றியில் ஏற்றிய மூக்குக் கண்ணாடி, கையில் விசில், முகத்தில் இடி. நேரே மைக் அறையை நோக்கி நடந்தார். சின்னு அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். தண்ணீர் பாட்டில்காரர் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டார்.

கதவு திறந்தது. சின்ன அறை. மேசை, மைக், ஒரு நாற்காலி. சுவரில் பெரிய கடிகாரம். மாமாவுக்கு அது இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன. மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டு.

"மணி என்ன சார்?" என்றார் டைம் கீப்பர்.

மாமா மூடியைத் திறந்து தொட்டார். "ஒண்ணு ஐம்பத்தேழு, மேடம்."

"ஒண்ணு நாப்பத்தாறு."

மாமாவின் விரல் கடிகாரத்தின் மேலேயே நின்றுவிட்டது. மறுபடி தொட்டார். மறுபடியும். முகத்தில் இருந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதைச் சின்னு பார்த்தாள். பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. கடிகாரம் கோளாறு என்றால், 'அப்படியானால் தொட்டு மணி பார்க்கிற ஆள் வேண்டாம்' என்பார்கள். பேசாமல் இருந்தால் மாமா தன் விரலைச் சந்தேகப்பட்டபடி வீட்டுக்குப் போவார்.

இரண்டாவதுதான் மோசம் என்று தோன்றியது.

"தப்பு என்னோடது மேடம். வாட்சைச் செஞ்சது நான்தான்."

"சின்னு?" மாமா திரும்பினார். "நீ எங்க இங்க வந்த? யாரும் வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"துணைக்கு ஆள் வந்தாச்சு," என்றார் டைம் கீப்பர் குத்தலாக. "நான் அன்னைக்கே சொன்னேன்."

"துணைக்கு வரல மேடம், திட்டு வாங்க வந்தேன். மாமா, நீங்க தொடும்போது முள் நகருது. உள்ள கிரீஸ் அதிகம். பிடிமானம் இல்ல. நீங்க ஒவ்வொரு தடவை தொடும்போதும் அது கொஞ்சம் முன்னாடி போகுது. நீங்க படிச்சது சரி. அது காட்டினதுதான் தப்பு."

மாமா விரலை வைத்து முள்ளை மெல்லத் தள்ளினார். நகர்ந்தது. திரும்பத் தள்ளினார். நகர்ந்தது. திடீரென்று சிரித்தார்.

"அடிப்பாவி! காலைலேருந்து என்ன பாடு படுத்திட்ட! துறைமுக வண்டி உள்ள வர்ற சத்தம் இன்னும் கேக்கல, ஆனா வாட்சு வந்துடுச்சுங்குது. அதை ஓட்டுற நம்ம சுருட்டை ஒரு நாளும் லேட்டா வரமாட்டானே, கண்ணுதான் போச்சு, இப்ப காதும் போச்சா, விரலும் போச்சான்னு உள்ளுக்குள்ள செத்துட்டிருந்தேன்!"

"ஐயா, உங்க குடும்ப ஆராய்ச்சி அப்புறம்!" என்று பாட்டில்காரர் கத்தினார். "என் குடும்பம் அணைக்கட்டுக்குப் போயிட்டிருக்கு!"

"எந்த வண்டிங்க? மூணாவது தடமா? கிளம்பி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான்!"

மாமா கையை உயர்த்தினார், எல்லோரையும் வாயை மூடச் சொல்வது போல. "டீசல் பங்க்கைச் சுத்தி வெளி கேட்டுக்கு வரணும். அங்க எப்பவும் ரெண்டு வண்டி வரிசைல நிக்கும். கேட் மேல நம்ம ஸ்பீக்கர் ஒண்ணு இருக்கு." மைக்கை இழுத்தார். அறிவிப்புத் தமிழ் அவரிடமிருந்து பறந்துபோனது.

"அணைக்கட்டு வண்டி டிரைவர்! கேட்டைத் தாண்டாத, ஓரங்கட்டு! உன் வண்டில ஒரு வீட்டுக்காரரைக் காணோம். அம்மா, தண்ணி வாங்கப் போன உங்க வீட்டுக்காரர் பத்திரமா இருக்காரு. கூப்பாடு மட்டும்தான் பெருசா இருக்கு. நடந்து வர்றாரு. மத்த டிரைவருங்க யாரும் சாவியைத் தொடாதீங்க. மணி தப்பாச் சொன்னது நான். சரியான மணி சொல்ற வரைக்கும் டீ குடிங்க!"

வெளியே எங்கோ பிரேக் கிறீச்சிட்டது. கண்டக்டர் விசில் ஒன்று பதில் ஊதியது. நிலையம் முழுக்கச் சிரிப்பு. பாட்டில்காரர் இரண்டு பாட்டில்களில் ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டு, "இதை நீங்க வச்சுக்குங்க," என்று ஓடினார்.

டைம் கீப்பர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்டருகே வண்டி நின்றிருந்தது. மற்ற தடங்களில் ஒரு வண்டியும் அசையவில்லை. விசிலைக் கீழே இறக்கினார்.

"தப்பா சொன்னது நான்னு மைக்ல சொல்லணும்னு அவசியமில்ல," என்றார். குரலில் இடி குறைந்திருந்தது. "இதுக்கு முன்னாடி இங்க இருந்தவர் ஒரு நாளும் சொன்னதில்ல."

"சொல்லலன்னா டிரைவருங்க அடுத்த தடவை என் குரலை நம்பமாட்டாங்க மேடம். நான் அந்த சீட்ல இருந்தவன்."

சின்னு கையை நீட்டினாள். "மாமா, வாட்சைக் கொடுங்க. வீட்டுக்குப் போய்ப் பிரிச்சு..."

"அதெல்லாம் முடியாது. அடுத்த வண்டிக்கு மணி யாரு சொல்லுவா, உங்கப்பாவா?" மாமா கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடிகாரத்தின் பக்கவாட்டுச் சாவியை வெளியே இழுத்து, "மேடம், இப்ப மணி என்ன?" என்று கேட்டு, தொட்டுத் தொட்டுத் தானே முள்ளை வைத்தார். பிறகு ஒரு யோசனை. ஆள்காட்டி விரலால் இடிப்பதற்குப் பதில், கட்டை விரலையும் சேர்த்து முள்ளை இரண்டு பக்கமும் கிள்ளுவது போலப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"நகருதா பாரு."

சின்னு குனிந்து பார்த்தாள். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. இரு பக்கமும் ஒரே அழுத்தம். எந்தப் பக்கம் ஓடும்? எத்தனை கடிகாரம் பிரித்திருக்கிறாள், இது தோன்றவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்," என்றார் டைம் கீப்பர். "இன்னொரு வண்டி முன்னாடி கிளம்புச்சுன்னா அத்தோட சரி." சின்னுவைப் பார்த்தார். "நீங்க வெளிய."

சின்னு வெளியே ஸ்பீக்கருக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தாள். லேபுக்குப் போன் போட்டு அரை நாள் விடுப்புச் சொன்னாள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் போனைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டாக்டரம்மா, எனக்கு முழங்கால்ல ஒரு வலி," என்று ஆரம்பித்தார்.

"நான் பல்லு."

"பல்லுலயும் இருக்கு," என்று அவர் வாயைத் திறந்தார்.

துறைமுக வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. கோட்டை வண்டியும். ஒரு அறிவிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தபோது சின்னு நகத்தைக் கடித்தே தின்றுவிட்டாள். பார்த்தால் வண்டியே தாமதம், மாமா அதற்காகக் காத்திருந்தார். வெயில் சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கியபோது டைம் கீப்பர் மைக் அறைக் கதவைத் திறந்து, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"நாளைக்குக் காலை ஷிப்ட். முதல் வண்டிக்கு முன்னாடி வந்துடணும். அந்த முள்ளு நகரக்கூடாது."

"நகராது மேடம்," என்று பெஞ்சிலிருந்து எழுந்து சொன்னது சின்னு.

வீட்டுக் கூடத்தில், மேசை விளக்கின் கீழ் வெள்ளைத் துணி விரித்துச் சின்னு கடிகாரத்தைப் பிரித்தாள். முட்களை எடுத்தாள், முகப்பை எடுத்தாள், ட்வீசரால் அந்தச் சின்னக் குழாயை இழுத்து வெளியே எடுத்துக் கிரீஸைத் துடைத்தாள். குழாய்க்குள் ஒரு தையல் ஊசியை நுழைத்துக்கொண்டு, கூர் மழுக்கிய நகவெட்டியால் அதன் இடுப்பில் மிக லேசாக ஒரு அழுத்து அழுத்தினாள். குழாய் நசுங்கிப்போகாமல் ஊசி காப்பாற்றும். இடுப்பு மட்டும் ஒரு மயிரிழை உள்ளே போகும். அந்த மயிரிழைதான் பிடிமானம்.

அக்கா தலைக்கு மேல் நின்றாள். "மத்தியானமே தெரிஞ்சும் என்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னியேடி."

"சொல்லியிருந்தா நீயும் ஓடி வந்திருப்ப. அந்தம்மா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய தள்ளியிருப்பாங்க."

முட்களை ஏற்றி மாமாவிடம் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியல, உங்க விரலுக்குத்தான் தெரியும்."

மாமா விரலால் இடித்தார். பிறகு அழுத்தினார். "இன்னும் லேசா ஓடுது."

மறுபடி பிரித்து, மறுபடி ஒரு அழுத்து. மாமா தொட்டார். இந்த முறை முள் கல் மாதிரி நின்றது.

"இப்ப சரி. என் மாமியார் மாதிரி இருக்கு. என்ன பண்ணாலும் அசையல."

"எங்கம்மாவை இழுக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே," என்றாள் அக்கா.

ஆனால் நேரம் வைக்கத் திருகினால் சாவியும் அசையவில்லை. சின்னு தன்னைத் திட்டிக்கொண்டே மூன்றாம் முறை பிரித்துக் கொஞ்சம் தளர்த்தினாள். இப்போது சாவிக்கு இணங்கியது, விரலுக்கு இணங்கவில்லை. மாமா கண்ட கண்ட விதமாகத் தொட்டும் இடித்தும் கிள்ளியும் பார்த்தார். சின்னு ஒவ்வொரு முறையும் போனோடு ஒப்பிட்டாள். ஆப்பை அவள் திறக்கவே இல்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற வழியில் சுருட்டைமுடி டிரைவர் பைக்கை நிறுத்தியிருந்தார்.

"அண்ணே! பொண்டாட்டியைப் பிரிச்சு அனுப்புற பஸ் ஸ்டாண்டுன்னு நமக்குப் பேராயிடுச்சு!" என்று உள்ளே குரல் கொடுத்தார். "காலைல எத்தனை மணிக்கு வரட்டும்? இன்னைக்கு மாதிரியே வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

மாமா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். எழுந்து, மூலையில் சாத்தியிருந்த கோலை எடுத்துக்கொண்டு, கதவு நிலையைத் தொட்டு நின்றார்.

"வேணாம்டா. நீ விடியக்காலைல இங்க ஹாரன் அடிச்சா தெருவே எந்திரிச்சு என்னைத் திட்டும். நீ ஸ்டாப்ல நில்லு. நான் வந்துடறேன்."

"தனியாவா அண்ணே?"

"தெருமுனை வரைக்கும்தானே. மணியும் கையில இருக்கு, கோலும் கையில இருக்கு. நீ லேட்டாக்காம வா."

அக்கா வாயைத் திறந்தாள். சின்னு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அக்கா வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள். இறைந்து கிடந்த செருப்புகளையும் பூந்தொட்டியையும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் ஆள் நடக்க வழி செய்தாள்.